குறிப்பு என்ற கட்டம்

மூன்றாம் நாள் மழைதான் உண்மை பேசும்.
முதல் மழையை நம்பிவிடக் கூடாது.
தாழையூத்துப் பக்கமிருந்து வரும் லாரிகள் உதறிய
சுண்ணாம்புத் தூசியெல்லாம் கரைத்துக்கொண்டு
நல்ல பிள்ளையாக வந்து விழும்.
மீட்டரில் ஆறு புள்ளி மூன்று காட்டும்.
தூசி தீர்ந்த பிறகு பெய்வதற்குத்தான்
நான் காத்திருக்கிறேன்.

செவல்குறிச்சிப் பள்ளிக்கூடத்து மொட்டை மாடி.
ஒரு புனல், ஒரு பாட்டில்,
காக்கா உட்காராதிருக்கச் சுற்றிலும் முள்கம்பி.
பாட்டிலுக்கு அறுபது ரூபாய் தருகிறது பல்கலைக்கழகம்.
"மழைத் தண்ணிய அளக்கதுக்குச் சம்பளமாட்டி?"
கீழே தவலையோடு நின்று மைதீன் பாத்து சிரிப்பாள்.
அவள் தவலைக்கும் என் பாட்டிலுக்கும்
ஒரே மேகம்.

ஆடியில் அந்தப் புகை எங்களுக்கில்லை.
மேகாத்து அதைக் கடலுக்குத் தள்ளிப் போகும்,
வலை இழுக்கிற யார் தலைக்கோ.
ஐப்பசியில் கொண்டல் திரும்பியதும்
வல்லநாட்டு மலைக்கு அந்தாண்டை எரிந்த நிலக்கரியின் கந்தகம்
மேகத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.
நாலுவழிச் சாலையும் தன் பங்குக்கு
டீசல் புகையை மொய் எழுதுகிறது.

ஐந்து புள்ளி ஆறு என்றால் அது மழை, வெறும் மழை.
அதிலிருந்து முழுதாய் ஓர் எண் இறங்கினால்
புளிப்பு பத்து மடங்கு.
இன்று காலை நாலு புள்ளி ஆறு.

நாக்குக்கு ஒன்றும் தெரியாது.
குளத்து நத்தைக்குத் தெரியும்,
விரல் பட்டதும் நொறுங்குகிறது அதன் ஓடு.
சத்துணவுக் கூடத்துத் தகரத்துக்குத் தெரியும்.
கெபியில் நிற்கும் மாதாவின் சலவைக்கல் மூக்குக்குத் தெரியும்,
சென்ற வருஷப் படத்தோடு வைத்துப் பார்த்தேன்.
கரிசல் பொறுத்துக்கொள்ளும்,
அதன் வயிற்றில் சுக்கான்கல் கிடக்கிறது.
எங்கள் செவலுக்கு அந்தச் சேமிப்பு இல்லை.
ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொடுத்து,
கொடுக்க ஒன்றுமில்லாதபோது
மண்ணுக்குள் பூட்டிக்கிடந்த அலுமினியம் அவிழ்ந்து
வேர் நுனியைக் கடிக்கும்.

தடுக்க வழியில்லாமலா?
புகையைக் குளிப்பாட்டும் கோபுரம் அங்கேயே நிற்கிறது.
மேலிருந்து சுண்ணாம்புக் குழம்பைத் தெளித்தால்
கந்தகம் அதில் மாட்டி ஜிப்சமாய்க் கீழே வரும்.
விற்கக்கூடச் செய்யலாம்.
ஆனால் பம்பு கரண்டு தின்னும்.
ஆகவே சில ராத்திரிகளில்,
புகையும் இருட்டும் ஒரே நிறமாக இருக்கும் நேரம் பார்த்து,
"நிறுத்து" என்று போன் வரும்.
நிறுத்துகிற கை கொம்பையாவின் கை.
எனக்குத் தாலி கட்டின கை.

எங்கள் வீட்டில் அரிசி அவர் சம்பளம்,
உப்பும் மிளகாயும் என் பாட்டில்கள்.
ஒரே உலையில்தான் வேகின்றன.

ஷிப்டு முடிந்து நனைந்து வந்தவர்
சட்டையைக் கழற்றாமலே கேட்டார்:
"எவ்வளவு?"
சொன்னேன்.
துண்டை எடுத்து வெகுநேரம் தலை துவட்டினார்.

பதிவேட்டில் எண்ணை எழுதினேன்.
கடைசியில் குறிப்பு என்றொரு கட்டம்,
'புனல் சுத்தம்' என்பதைத் தவிர
ஏழு மாதமாக நான் வேறெதுவும் எழுதாத கட்டம்.
இன்று எழுதினேன்:
இரவு 12.40 முதல் 4.10 வரை
கிழக்கே புகைக் கழுவி ஓடவில்லை.
யார் சொன்னது என்று எழுதவில்லை.

தோளுக்குப் பின்னால் வந்து நின்று படித்தார்.
அடுப்பில் காப்பி பொங்கும் சத்தம்,
வெளியே இன்னும் விடாத தூறல்.

"நாலு பத்து இல்ல, ஆவுடை," என்றார்,
"நாலே முக்கால்."

அடித்துத் திருத்தினேன்.